அலுமாரியில் பூட்டிய பாலன்: திருகோணமலைத் துறைமுகக் கரையில் இரண்டு நாள்

நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மசுக்கு, இரண்டு நாள் இருக்கும்போது கோயில் வேலை பார்க்கிறவன் எவனும் ஊரை விட்டுப் போகமாட்டான். நான் போனேன். டிசம்பர் 23, காலை 6.15 பஸ், வவுனியாவிலிருந்து திருகோணமலைக்கு. ஏன் என்று கேட்ட மனைவிக்கு, "றெஜினா வரச்சொன்னவள். அவளின்ர கோயில் குடிலிலை பல்ப் எரியுதில்லையாம்" என்றேன். றெஜினா அவளுடைய தங்கைதான். சொன்னது பொய் இல்லை, ஆனால் முழுவதையும் சொல்லவில்லை.

சொல்லாததை இங்கே எழுதுகிறேன். எனக்கு மின்சாரச் சாமான் திருத்துகிற கடை. பத்தொன்பது வருடமாக எங்கள் பங்குக் கோயிலில் இயேசு பாலன் பிறந்த குடிலைக் கட்டுகிறவனும் நான்தான். றெஜிபோம் என்கிற வெள்ளை நுரை அட்டையில் மலை, மோட்டர் வைத்த நீர்வீழ்ச்சி, வால் அணைந்து அணைந்து எரியும் நட்சத்திரம், எல்லாம் என் கைவேலை. நடுச்சாமப் பூசையில் பாலன் சுரூபத்தை ஏந்திக்கொண்டு நடுவழியால் நடந்து போய்க் குடிலில் வைப்பதும் நான்தான். போன வருடம் அப்படி நடக்கிறேன், மணி அடிக்கிறது, சனம் முழங்காலில் நிற்கிறது, ஒரு அம்மா கண்ணைத் துடைக்கிறார். என் மண்டைக்குள் ஓடியது ஒன்றுதான்: மோட்டருக்கும் நட்சத்திரத்துக்கும் ஒரே வயரில் கொடுத்துவிட்டேனே, பியூஸ் தாங்குமா?

பியூஸ் தாங்கியது. திரும்பி வந்து இருந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. சின்ன வயதில் அந்த மணிச் சத்தம் கேட்டால் உடம்பு சிலிர்க்கும். கடவுள் இவ்வளவு சின்னதாக வந்துவிட்டாரே என்று வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன். இப்போது ஒன்றும் இல்லை. எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. ஒரு வருடம் யாருக்கும் சொல்லாமல் பொறுத்துப் பார்த்தேன். இந்த முறை நாரிப்பிடிப்பு, இடுப்பு நிமிராது என்று சாட்டுச் சொல்லி, குடில் வேலையை இளைஞர் ஒன்றியத்திடம் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன். எனக்குள் விசுவாசம் என்று ஏதாவது மிஞ்சியிருக்கிறதா, இல்லை வெறும் வயரிங்தானா என்று வேறொரு ஊரில் போய்ப் பார்த்தால் தெரியும் என்று நினைத்தேன். என்ன கணக்கில் அப்படி நினைத்தேனோ தெரியாது.

சரி, பாதை. வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலை ஏறத்தாழ 100 கிலோமீற்றர். சாதாரண பஸ்ஸில் 420 ரூபாய் எடுத்தார்கள். மாரி காலம் என்பதால் இரண்டு பக்கமும் வயல் பச்சையாகக் கிடக்கும், வலப்பக்க ஜன்னல் ஒழுகும், ஆகவே இடப்பக்கம் இருங்கள். கன்னியா வெந்நீர்க் கிணறு பார்க்க விரும்புகிறவர்கள் நடத்துனரிடம் முதலே சொல்லி வையுங்கள், சந்தியில் இறக்கிவிடுவார். நான் இறங்கவில்லை. 9.25க்குப் பஸ் நிலையம். அங்கிருந்து றெஜினாவின் கோயிலுக்கு ஓட்டோவில் மூன்று கிலோமீற்றர், 300 ரூபாய்.

கோயில் உட்துறைமுகக் கரையில், மீன்பிடிக்கிற குடும்பங்களின் நடுவில் இருக்கிறது. பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், எழுதவில்லை. நூறு பேர் நெருக்கி இருக்கலாம். இந்த மாதத்தில் வெளிக்கடல் கொந்தளிக்கும், அந்தப் பக்கம் வள்ளம் இறக்க ஏலாது. உட்துறைமுகம் மட்டும் மலைகளுக்கு நடுவில் குளம்போலக் கிடக்கும். கோயில் வாசலில் நின்றால் கரையில் கட்டிய வள்ளங்களும் தூரத்தில் ஒரு சரக்குக் கப்பலும் தெரியும். றெஜினாதான் கோயிலைக் கூட்டி, துடைத்து, பூ வைத்து, திறப்பு என்று நாங்கள் சொல்கிற சாவியையும் வைத்திருக்கிறவள். "வாங்கோ அத்தான், பிளேன்ரீ போட்டுக்கொண்டு வாறன்" என்று பக்கத்து வீட்டுக் குசினிக்குப் போனாள்.

குடிலில் பழுது ஒன்றும் பெரிதில்லை. கூரை ஒழுகி ஹோல்டருக்குள் தண்ணீர் போயிருந்தது, பத்து நிமிட வேலை. வேலையை முடித்துவிட்டு நிமிர்ந்தால் தொட்டிலில் பாலன்! டிசம்பர் 23ஆம் திகதி காலை பத்து மணிக்கு, வைக்கோலில் கைகால் நீட்டிப் படுத்திருக்கிறார். முன்னால் குழந்தைச் சவர்க்காரம் இரண்டு, பவுடர் டின் ஒன்று, ஒரு சின்னத் தொப்பி.

எனக்கு வந்ததே கோபம். எங்கள் பக்கம் 24ஆம் திகதி பூசை வரைக்கும் தொட்டில் வெறுமையாகத்தான் இருக்கும். அதுவரை பாலனை எடுத்து ஒளித்து வைப்பது குடில் கட்டுகிறவனின் முதல் கடமை. அலங்கரிக்க வந்த யாரோ விபரம் தெரியாமல் வைத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். யாரையும் கேட்கவில்லை. துவாயில் சுற்றிப் பின்னறை அலுமாரியின் மேல்தட்டில் வைத்துப் பூட்டினேன். பூட்டின கையோடு திறப்பைச் சட்டைப் பையில் போட்டேன். பத்தொன்பது வருடப் பழக்கம் அது. திறப்பு ஒருவனிடம் இருந்தால்தான் பாலன் பத்திரம் என்பது எங்கள் ஊரில் நான் போட்ட சட்டம். பிளேன்ரீயைக் குடித்துவிட்டு ஊர் பார்க்கப் புறப்பட்டேன். பின்னேரம் பலகாரம் சுடும் ஆயத்தத்தில் இருந்த றெஜினா கோயில் பக்கம் திரும்பவில்லை.

பிரட்றிக் கோட்டைக்கு ஓட்டோ 400 ரூபாய். கோட்டைக்குள் மான்கள் ஆட்களுக்குப் பயப்படாமல் நிற்கும், கையில் சாப்பாட்டுப் பையோடு போகாதீர்கள். கோணேசர் கோயில் உச்சிக்கு நடந்து போக இருபது நிமிடம், செருப்பைக் கீழே கழற்ற வேண்டும், மழைக்குக் கல் வழுக்கும். மேலே நின்று கடலைப் பார்த்தேன், படம் எடுத்தேன், பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டு நின்றவர்களின் முகத்தைப் பார்த்தேன். அவர்களுக்கு ஏதோ தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை என்று பொறாமையாக இருந்தது. இறங்கி வந்து பஸ் நிலையத்தடியில் மீன்கறிச் சோறு, 450 ரூபாய், நல்ல உறைப்பு. இதற்குள் போன் பற்றரி செத்துவிட்டது. கடைத்தெருவில் மழைக்கு ஒதுங்கி ஒதுங்கி நேரம் போயிற்று.

திரும்பிக் கோயிலுக்கு வந்தபோது மணி 3.45. வாசலில் பத்துப் பதினைந்து பேர். நடுவில் றெஜினா, கண் சிவந்து நிற்கிறாள். குடிலின் வைக்கோலை எல்லாம் இழுத்து வெளியே போட்டிருந்தார்கள்.

"பாலனைக் காணேல்லை அத்தான். ஆரோ எடுத்துக்கொண்டு போட்டாங்கள். உங்களுக்கு எத்தினை தரம் போன் எடுத்தனான்!"

நான் சட்டைப் பையிலிருந்து திறப்பை எடுத்து நீட்டினேன். அவள் திறப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நீங்களோ?"

"இருபத்திமூண்டாம் திகதி ஆரும் பாலனை வைக்கிறதோ? பிறக்க முன்னம் பிள்ளை எங்காலை வந்தது?"

"இஞ்ச பிள்ளை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டை போறது அத்தான்! ஒரு சொல்லு என்னட்டைக் கேட்டிருக்கக் கூடாதோ?"

அப்போதுதான் எனக்கு விளக்கம் வந்தது. அந்தக் கோயிலில் நத்தாருக்கு முந்திய நாலு வாரத் திருவருகைக் காலம் தொடங்கியதிலிருந்து பாலன் ஒவ்வொரு பின்னேரமும் ஒரு வீட்டுக்குப் போவார். அயல் சனம், பிறந்த பிள்ளையைப் பார்க்கப் போவதுபோல, சவர்க்காரமும் பவுடரும் சட்டையும் கொண்டு அந்த வீட்டுக்குப் போவார்கள். தாய்க்கென்று, பிள்ளை பெற்றவர்கள் சாப்பிடும் காயச்சரக்கும் அரைத்துக் கொண்டுபோவார்கள், ஆம், மாதாவுக்குத்தான். மறுநாள் காலை பாலன் குடிலுக்குத் திரும்புவார். சேர்ந்த சாமான் எல்லாம் நத்தாருக்குப் பிறகு ஆஸ்பத்திரிப் பிள்ளைப்பேற்று வாட்டுக்குப் போகும்.

அன்றைய முறை மரியதாஸ் வீடு. நாற்பது வயது மதிக்கத்தக்க மீனவர், மழையில் ஊறிப்போய் நின்றார். மூன்று மணிக்குப் பாலனை எடுக்க வந்தவர். அவருடைய மனைவி சுகந்தி குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள், மூன்று வருடமாக ஊர் வரவில்லை. அங்கே இரண்டு மணிக்கு மேடம் சாப்பிட்டுப் படுப்பா. அந்த நேரம் ஒரு கால் மணிதான் சுகந்தி போனைத் தொடலாம். நமக்கு 4.30. தன் வீட்டில் பாலன் இருப்பதை அந்த நேரத்தில் வீடியோவில் பார்க்க வேண்டும் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

மரியதாஸ் வீடு துறைமுகத்தின் எதிர்க்கரையில். வீதியால் சுற்றினால் 14 கிலோமீற்றர், மழைக்கு இரண்டு இடத்தில் தண்ணீர் மேவி நின்றது. வள்ளத்தில் அரை மணி நேரம். அலுமாரியைத் திறந்து பாலனை எடுக்கும்போது 3.55. பாலனை மடியில் வைத்திருக்கவென்று வந்த மரியதாஸின் தங்கை, பாலன் இனிக் கிடைக்காது என்று நினைத்து முதலே புறப்பட்ட வேறொரு வள்ளத்தில் போய்விட்டாள். எஞ்சின் பிடிக்கிறவர் பிள்ளையையும் பிடிக்க ஏலாது.

"நீங்கள்தானே ஒளிச்சனீங்கள். நீங்களே கொண்டுபோய்க் குடுங்கோ" என்று றெஜினா பாலனை என் கையில் வைத்தாள்.

எனக்கு நீந்தத் தெரியாது என்பதைச் சொல்கிற நேரமாக அது படவில்லை. வள்ளத்தில் ஏறிக் குறுக்குப் பலகையில் குந்தினேன். எஞ்சின் முதலில் எடுபடவில்லை, பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போடக் கால் மணி போயிற்று. மரியதாஸ் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாக இருந்திருக்கும். "போனை நீங்கள் வைச்சிருங்கோ அண்ணை. அவள் எடுத்தால் ஆன்சர் பண்ணுங்கோ" என்றார். பாதி வழியில் மழை கொட்டத் தொடங்கியது. துவாய்க்குள் பாலன், இடக்கையில் போன், வலக்கையால் துவாயை இறுக்கிப் பிடித்தபடி நான். 4.26க்குப் போன் அடித்தது.

திரையில் ஒரு பெண். பின்னால் வெள்ளைச் சுவர், கழுவுகிற மெசின். குரலைத் தாழ்த்தி, "நீங்கள் ஆர்?" என்றாள்.

என்னவென்று சொல்வது? பாலனைப் பூட்டி வைத்தவன் என்றா? "றெஜினாவின்ர அத்தான்" என்றேன்.

"பிள்ளை எங்க?"

துவாயை விலக்கிக் காட்டினேன். அவள் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். மரியதாஸ் எஞ்சினை நிப்பாட்டினார். வள்ளம் ஆடியது, மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பாலனின் நெற்றியில் தண்ணீர் விழுந்து வழிந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயின்ற் கிளம்பிவிடுமோ என்பதுதான் அப்போது எனக்கு வந்த யோசனை.

"ஐயோ அண்ணை! தலை நனையுது! மூடுங்கோ, பிள்ளையை மூடுங்கோ!"

நான் போனை மடியில் போட்டேன். போட்டேன் என்பதே பிறகுதான் தெரியும். பாலனை நெஞ்சோடு அணைத்து, உள்ளங்கையால் தலையை மூடி, மேலே குனிந்துகொண்டேன். மடியில் கிடந்த போனுக்கு வானமும் மழையும் மட்டும்தான் தெரிந்திருக்கும். சுகந்தி தனக்குக் காட்டு என்று கேட்கவில்லை. "ஓம், அப்பிடித்தான். அப்பிடியே வைச்சிருங்கோ" என்றாள். பிறகு, "மேடம் கூப்பிடுறா" என்றாள். தொடர்பு அறுந்தது.

மரியதாஸ் எஞ்சினை உடனே இழுக்கவில்லை.

"வீட்டுக்குப் பெயின்ற் அடிச்சனான் அண்ணை" என்றார். "இளம்பச்சை. அவள்தான் கலர் சொன்னவள். இண்டைக்குச் சுவரைக் காட்டுறன் எண்டு சொன்னனான்."

மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை அண்ணை" என்றார். அது பொய் என்று முகத்தில் எழுதியிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அவளிடம் இருந்த கால் மணி நேரத்தை நான் ஒரு திறப்போடு சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கோட்டை பார்த்திருக்கிறேன்.

பாலன் வருகிறார் என்று றெஜினா போனில் சொல்லியிருந்ததால், எதிர்க்கரையில் ஏழெட்டுப் பெண்கள் குடையோடு நின்றார்கள். மரியதாஸின் தங்கை இறங்குதுறையிலேயே கையை நீட்டினாள். "தாங்கோ பிள்ளையை." கொடுக்கும்போதுதான் கவனித்தேன், என் வலக்கை பாலனின் கழுத்துக்குக் கீழே விரிந்து தலையைத் தாங்கிக்கொண்டிருந்தது. பிறந்த பிள்ளையைக் கைமாற்றும்போது அப்படித்தான் பிடிப்போம், தலை சாயக்கூடாதென்று. இந்தப் பிள்ளைக்குத் தலை எங்கே சாயும்? முழுவதும் பிளாஸ்ரர். இதுமாதிரிச் சுரூபங்களுக்கு மூக்கு உடைந்தால் நானே ஒட்டிப் பெயின்ற் அடித்திருக்கிறேன். அவளும் தன் கையைக் கழுத்துக்குக் கீழே கொடுத்துத்தான் வாங்கினாள்.

இளம்பச்சைச் சுவர் வீட்டில் ஒரு மணி நேரம் இருந்தேன். சுவர் அழகாகவே இருந்தது. இளஞ்சூட்டு நீரில் துணி நனைத்துப் பாலனைத் துடைத்தார்கள், பவுடர் போட்டார்கள், தொப்பி போட்டார்கள். ஒருத்தி, "மூக்கு தேப்பன் மாதிரி" என்றாள், மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அடுத்த நிமிடம் எல்லோரும் முழங்காலில் நின்று செபமாலை சொன்னார்கள். எது விளையாட்டு, எது செபம் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அவர்களுக்கும் பிரிக்கிற யோசனை இருந்ததாகத் தெரியவில்லை. மரியதாஸ் சுவரையும் பாலனையும் சேர்த்துப் படம் எடுத்து அனுப்பினார். பார்த்ததற்கு அடையாளம் வரவில்லை.

இந்த வழக்கம் எப்படித் தொடங்கியது என்று நாலு பேரைக் கேட்டேன். சண்டைக் காலத்தில் கோயிலுக்குக் கதவு இல்லை, சுரூபத்தை வீடுகளில் வைத்துக் காத்தார்கள் என்றார் ஒருவர். இல்லை, அலுமாரியில் கறையான் என்றார் இன்னொருவர். முந்தி இருந்த பாதர் தொடங்கியது என்றாள் மரியதாஸின் தங்கை. றெஜினாவிடம் கேட்டேன்: "எனக்குத் தெரியாது அத்தான். பிள்ளை எண்டால் ஆரும் தூக்கத்தானே வேணும்." பிறப்பதற்கு முன் எப்படித் தூக்குவது என்ற என் கேள்வி அப்படியே நிற்கிறது. அவர்கள் செய்வது முறையில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அதே நேரம், அந்த வள்ளத்தில் என் கை ஏன் அப்படிப் போனது? அது விசுவாசமா, மூன்று பிள்ளை வளர்த்த கையின் பழக்கமா? பியூஸ் என்றால் மீற்றர் வைத்துப் பார்த்துச் சொல்லிவிடுவேன்.

24ஆம் திகதி காலை 10.30 பஸ்ஸில் திரும்பினேன், பகல் இரண்டு மணிக்குள் வீடு. அன்றைய நடுச்சாமப் பூசையில் பின்வரிசை வாங்கிலில் இருந்தேன், வேறு யாரோ பாலனைக் கொண்டுபோனார்கள். உடம்பு சிலிர்த்ததா என்று கேட்காதீர்கள். குளிராக இருந்தது, நித்திரையும் வந்தது. மனைவிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். "திறப்பையோ கொண்டுபோனீங்கள்!" என்று அதையே மூன்று தரம் கேட்டாள்.

போக நினைக்கிறவர்களுக்கு: டிசம்பரில் திருகோணமலை மழை ஊர். நிலாவெளியில் கடல் குளிப்பு, புறாத்தீவு எல்லாம் இந்த மாதத்தில் நினைக்க வேண்டாம், அதற்குச் சித்திரைக்குப் பிறகு வாருங்கள். குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் போகிறவர்கள் கரையோர வீதி பஸ் நேரத்தை முதல்நாளே கேட்டு வையுங்கள், மழைக்கு மாறும். போனுக்கு மேலதிகப் பற்றரி கொண்டுபோங்கள். தங்குவதற்கு நகரில் அறைகள் 4,000 ரூபாயிலிருந்து உண்டு, நத்தார் வாரத்தில் முன்பதிவு தேவை. இன்னொரு ஊர்க் கோயிலில் எதையும் கேட்காமல் தொடாதீர்கள். தொட்டாலும் பூட்டாதீர்கள்.

நத்தார் அன்று காலை, இறைச்சிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, தெரியாத வெளிநாட்டு இலக்கத்திலிருந்து குரல் தகவல் ஒன்று வந்தது. தாழ்ந்த குரல். "அண்ணை, சுகந்தி. இவரிட்டை நம்பர் வாங்கினனான். படம் இப்பதான் பாத்தனான், சுவர் நல்லா இருக்கு. நனைஞ்ச பிள்ளைக்குத் தடிமன் காய்ச்சல் ஒண்டும் பிடிக்கேல்லைத்தானே?"

அவள் பகிடிக்குக் கேட்கிறாளா என்று இரண்டு தரம் போட்டுக் கேட்டேன், பிடிபடவில்லை. "தங்கச்சி, அது சுரூபம்தானே" என்று எழுதினேன். அழித்தேன். பிறகு குசினிக்கு வெளியே போய் நின்று, "இல்லைத் தங்கச்சி, ஒண்டும் இல்லை. நல்ல நித்திரை" என்று சொல்லி அனுப்பினேன். சொன்ன பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. றெஜினாவுக்கு எடுத்தேன்.

"ஒருக்காப் போய்ப் பார் றெஜினா. சுத்தியிருந்த துவாய் ஈரமோ எண்டு."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"காலமையே மாத்திப்போட்டன் அத்தான்" என்றாள்.